அதிவிரைவுச் சாலைப் பாலத்தின் அடியிலும் உள்ளேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஒரு பெரிய பாலம் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பங்கள், பக்கவாட்டில் கொஞ்சம் காற்று, அதற்குள் அடுத்த கரை வந்துவிடும். அதே பாலத்தின் அடியில் இறங்கி அண்ணாந்து பார்த்தவர் அதை லேசில் மறக்கமாட்டார். பதினைந்து ஆண்டுகளாக நேரம் கிடைக்கும்போதெல்லாம் நான் பாலங்களின் அடியில் நின்று பார்த்துவருகிறேன். சிலவற்றின் உள்ளேயும் அனுமதி பெற்றுப் போயிருக்கிறேன். நண்பர்களும் அறிமுகமில்லாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேலே சாலை, கீழே தூண். இதில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

சாலை என்பது பாலத்தின் கூரை. வீட்டின் மொட்டை மாடியில் மட்டும் நடந்துவிட்டு வீட்டைப் பார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை. பாலத்தை மட்டும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம்.

சாலைக்குக் கீழே, பெரும்பாலான நவீனப் பாலங்களில், பெட்டி வடிவக் கர்டர் ஓடுகிறது. கான்கிரீட்டாலோ எஃகாலோ ஆன நீளமான பெட்டி அது. உள்ளே காலியாக இருக்கும். உயரமான தூண்களும் பல இடங்களில் உள்ளீடற்றவைதான், அவற்றுக்குள் ஏணியோ லிஃப்டோ இருக்கும். பாலம் கரையைத் தொடும் இடத்தில் தாங்குசுவருக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. தொங்குபாலமாக இருந்தால், முதன்மைக் கேபிள் போய்ச் சேரும் நங்கூரக் கட்டடம் ஒன்று இரு கரைகளிலும் இருக்கும். ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலத்தில் ஒவ்வொரு கேபிளும் ஒரு மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள 36,830 கம்பிகளைச் சேர்த்துக் கட்டியது. நங்கூர அறைக்குள் அந்தக் கற்றை பல இழைகளாகப் பிரிந்து கான்கிரீட்டைப் பற்றிக்கொள்கிறது. ஒரு பெரிய ஆலமரத்தின் வேர்ப் பக்கத்தைப் பார்ப்பது போன்ற காட்சி.

ஏன் உள்ளே காலியாக விடுகிறார்கள்? நிரப்பினால் இன்னும் வலுவாக இருக்காதா?

மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏறி ஒரு பாலம் வளையும்போது மேற்பகுதி நசுங்கப் பார்க்கிறது, அடிப்பகுதி இழுபடப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் பொருளுக்கு அதிகம் வேலை இல்லை; எடைதான் கூடும். ஆகவே வலு தேவைப்படும் விளிம்புகளில் மட்டும் பொருளை வைத்துவிட்டு நடுவை விட்டுவிடுகிறார்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு: அதை முறுக்குவது கடினம். ஒரு பக்கத்துத் தடத்தில் மட்டும் லாரிகள் வரிசையாகப் போனாலும், வளைவான பாலமாக இருந்தாலும், பெட்டி முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும்.

மூங்கிலில் கணுக்கள் இருப்பதுபோலப் பெட்டிக்குள்ளும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். பெட்டியின் வடிவம் குலையாமல் காப்பது அதன் வேலை.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலம் 1966-இல் திறக்கப்பட்டபோது, தொங்குபாலத்தின் தளத்தையே விமான இறக்கையைப் போல ஒல்லியான எஃகுப் பெட்டியாக அமைத்துக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த பல பெரிய தொங்குபாலங்கள் அந்த வழியைப் பின்பற்றியவை.

பெட்டிக்குள் நடக்கும்போது எப்படி இருக்கும்?

நான் முதன்முதலில் முறையான அனுமதியோடு போனது ஒரு கான்கிரீட் பாலத்துக்குள். ஆய்வுப் பொறியாளர் ஒருவர் முன்னால் போனார். கரை ஓரத்து இரும்புக் கதவைத் திறந்ததும் அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. மார்பில் மாட்டியிருந்த சிறிய கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். திருப்தியான பிறகுதான் குனிந்தோம்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. மங்கலான விளக்குகள் வரிசையாக எரிந்தாலும் தொலைவு இருட்டாகத்தான் இருந்தது. தரையில் மழைநீர் வடிவதற்காக விட்ட சிறு துளைகள் வழியே கீழிருந்து வெளிச்சம் வந்தது. ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன்: அறுபது மீட்டர் கீழே ஆறு, ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் இரண்டடி கான்கிரீட்டுக்கு அப்பால் வாகனங்கள். கார்கள் வெறும் இரைச்சல்தான். லாரி வந்தால் முதலில் தொலைவில் ஒரு "தடக்", பிறகு பாதத்தில் லேசான நடுக்கம், அது நம்மைக் கடந்து போனபின் மறுபக்கத்தில் இன்னொரு "தடக்". பாலம் வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் விட்ட இடைவெளிகளான விரிவு இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் அது. பத்து நிமிடத்தில் சத்தத்தை வைத்தே லாரிக்கு எத்தனை அச்சு என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சுவர்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். மயிரிழை விரிசல் ஒவ்வொன்றின் முனையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு சிறு குறுக்குக்கோடு, பக்கத்தில் ஒரு தேதி. அடுத்த முறை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே விரிசலில் நான்கு தேதிகள் எழுதியிருந்த இடமும் இருந்தது, நான்கும் ஒரே கோட்டருகில். அந்த விரிசல் பல ஆண்டுகளாக அசையவில்லை. இன்னோர் இடத்தில், பலகை அச்சு பதிந்த கான்கிரீட்டில், பாலத்தைக் கட்டியவர் யாரோ பென்சிலால் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டு விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். பொறியாளர் அதைப் பல முறை பார்த்தவர். இருந்தும் அந்த இடம் வந்தபோது நடையை நிறுத்தி டார்ச்சைத் திருப்பிக் காட்டினார்.

எஃகுப் பெட்டி உள்ளே துருப்பிடிக்காதா?

பிடிக்கும், காற்றில் ஈரம் இருந்தால். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் எஃகு துருப்பிடிப்பது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. டென்மார்க்கில் 1970-இல் திறக்கப்பட்ட லிட்டில் பெல்ட் பாலத்தில் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்: பெட்டியின் உட்புறத்துக்குப் பெயின்ட் பூசுவதை நம்பியிராமல், இயந்திரங்களால் ஈரம் நீக்கிய காற்றை உள்ளே சுற்றவிட்டார்கள். இப்போது பல பெரிய பாலங்களில் இதுதான் வழக்கம். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலத்தில் 2004-இல் கேபிளைத் திறந்து பார்த்தபோது உள்ளே கம்பிகள் அரித்து உடைந்திருந்தது தெரியவந்தது. அதன் பிறகு கேபிளுக்குள்ளேயே உலர்ந்த காற்றைச் செலுத்தத் தொடங்கினார்கள்.

கதவு திறந்துதான் கிடக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

போகாதீர்கள். கைவிடப்பட்ட ஆலைகள், சுரங்கங்கள், கட்டடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைந்து பார்க்கும் பழக்கத்தை அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன் என்கிறார்கள். அதில் ஈடுபடுவோருக்கு வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாலமும் ஈர்ப்பாகவே இருக்கிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது, என்னிடமும் இருந்தது.

இருபத்து மூன்று வயதில் ஒரு பாலத்தின் ஆய்வுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனேன். நான்காவது குறுக்குச் சுவரைத் தாண்டியபோது பின்னால் பெரும் சத்தம். காற்று கதவை அடித்து மூடிவிட்டது. திரும்பி வந்து தள்ளினேன், அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. கத்தினால் மேலே போகும் லாரிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இருபது நிமிடம் தோளால் முட்டி முட்டித்தான் கதவை நகர்த்தினேன். பூட்டு விழவில்லை, சட்டத்தில் இறுகியிருந்ததுதான். பூட்டு விழுந்திருந்தால் அடுத்த ஆய்வுக் குழு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கதவுக்கு அப்பால் அனுமதியில்லாமல் அதற்குப் பிறகு நான் போனதில்லை.

சட்டத்தைச் சொன்னால், அது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வேலியிட்ட, பூட்டிய இடத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றவியல் சட்டத்தின்கீழ் வருகிறது. இங்கிலாந்தில் அத்துமீறல் பெரும்பாலும் உரிமையியல் விவகாரம். ஆனால் அதிவிரைவுச் சாலையில் நடந்து போவதே அங்கே தனிக் குற்றம். இரண்டு நாடுகளிலும் அந்தச் சாலைகளில் பாதசாரிக்கு இடமே இல்லை.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மேலே வண்டி ஓட்டுகிறவர்கள். பாலத்தின் விளிம்பிலோ கேபிளிலோ ஓர் ஆள் தெரிந்தால் ஓட்டுநர்கள் சட்டென்று பிரேக் போடுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவராக இருக்குமோ என்று பதறி மீட்புக்குழுவை அழைப்பார்கள். சாலை மூடப்படும். உங்கள் ஒரு மணி நேர ஆர்வத்துக்காக வேறெங்கோ தேவைப்படும் ஆம்புலன்ஸ் அங்கே வந்து நிற்கும்.

உயரத்தைத் தவிர வேறென்ன ஆபத்து?

உயரம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதவைதான் ஆளைக் கொல்கின்றன.

முதலாவது காற்று. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் தேவை. மூடிய எஃகு அறைக்குள் துரு பரவினால் அது அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்தான காற்று என்கின்றன. மிகவும் குறைந்த அறைக்குள் நுழைபவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. கால் தள்ளாடும், விழுந்துவிடுவார். காப்பாற்றப் போகும் இரண்டாவது ஆளும் அவர் பக்கத்திலேயே விழுவது மூடிய இடங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பொறியாளர் கதவருகே நின்று கருவியை இறக்கியது இதற்காகத்தான்.

இரண்டாவது எச்சம். புறாக்களும் வௌவால்களும் பல ஆண்டுகள் குடியிருந்த அறையில் காய்ந்த எச்சம் தூளாகக் கிடக்கும். அதில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். காலால் கிளறினால் போதும். பழைய எஃகுப் பாலங்களில் ஈயம் கலந்த செந்நிற அடிப்பூச்சு உண்டு. உரிந்து விழுந்த அதன் தூளும் உடலுக்குக் கேடு. இவை தவிர, பெட்டிக்குள் மின்கேபிள்களும் சில பாலங்களில் குடிநீர்க் குழாய்களும் போகின்றன. தரையில் மூடியில்லாத ஆளிறங்கு துளை இருக்கலாம். கோடையில் தார்ச்சாலைக்கு நேர் கீழே இருக்கும் எஃகுப் பெட்டி அடுப்பாகிவிடும்.

அப்படியானால் முறையாகப் பார்க்க எந்தப் பாலங்களுக்குப் போகலாம்?

என் பட்டியலில் முதலிடம் ஜப்பானுக்கு. 1998-இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ பாலம் அதிவிரைவுச் சாலையைத் தாங்குகிறது. வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவில் சாலைக்குக் கீழே பராமரிப்புப் பாதையில் கடலுக்கு மேல் நடத்திக்கொண்டு போய், லிஃப்டில் ஏற்றி, ஏறத்தாழ 300 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் நிறுத்துகிறார்கள். பாதையின் தரை இரும்புக் கம்பி வலை. கடல் காலடியில் தெரியும். இந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் 1995-இன் கோபே நிலநடுக்கம் வந்தது. அப்போது கோபுரங்கள் எழும்பிவிட்டன, தளம் இன்னும் அமையவில்லை. நிலம் நகர்ந்ததில் கோபுரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் ஒரு மீட்டர் கூடிவிட்டது. 1,990 மீட்டராகத் திட்டமிட்ட இடைவெளி 1,991 மீட்டரானது அப்படித்தான். நிலநடுக்கம் நீட்டித்த பாலத்தில் நடக்கிறோம் என்ற நினைப்போடு அங்கே நடந்து பாருங்கள்.

அதே சாலைத் தொடரின் மறுமுனையில் ஓநாருத்தோ பாலம். ஒரு காலத்தில் ரயில் விடலாம் என்று கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்கிக் கட்டினார்கள்; ரயில் வரவில்லை. அந்த இடத்தில் 450 மீட்டர் நீள நடைபாதை அமைத்து 2000-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 45 மீட்டர் கீழே நீர்ச்சுழிகள், கண்ணாடித் தரை வழியே பார்க்கலாம்.

சிட்னி துறைமுகப் பாலம் 1932-இல் திறக்கப்பட்டது. அதன் வளைவின் உச்சிக்கு, கடலிலிருந்து 134 மீட்டர் உயரத்துக்கு, 1998 முதல் இடுப்பில் கம்பி மாட்டி மக்களை ஏற்றுகிறார்கள். பிரான்சின் மீயோ பாலத்தில் உச்சி ஏற வேண்டாம், அடியில் நின்றாலே போதும். ஏழு தூண்கள், மிக உயரமானது 245 மீட்டர். கீழே பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்தால் மேலே போகும் லாரிகள் ஊர்வது எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ஜெர்மனியின் கோஹர் பள்ளத்தாக்குப் பாலம் 1979-இல் முடிந்தது, 185 மீட்டர் உயரம். அதன் அடியில் இருக்கும் சிற்றூரில் பாலத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருக்கும் பாலத்துக்குள் போக அனுமதி கிடைக்குமா?

கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. பாலத்தைப் பராமரிக்கும் அமைப்பு எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சாலை யாருடையதோ பாலமும் பெரும்பாலும் அவர்களுடையது. தனி ஆளாகக் கேட்பதைவிட கல்லூரியின் கட்டடப் பொறியியல் துறை வழியாகவோ, பொறியாளர் சங்கம் வழியாகவோ, பத்துப் பேர் கொண்ட குழுவாகவோ கேளுங்கள். ஆய்வு நடக்கும் நாளில் சேர்ந்துகொள்ள விரும்புகிறோம் என்று எழுதினால் அவர்களுக்கும் தனி ஏற்பாடு செய்யும் சிரமம் இல்லை. எனக்கு மூன்று கடிதங்களுக்கு ஒன்று வீதம் பதில் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர்கள்கூடச் சில சமயம் பழைய வரைபடங்களின் நகலை அனுப்பிவைத்தார்கள்.

உள்ளே போகாமல், பொதுப்பாதையில் நின்றே பார்க்கக்கூடியது எது?

நிறைய இருக்கிறது. உள்ளே போனவர்களைவிட அடியில் பொறுமையாக நின்றவர்கள் அதிகம் தெரிந்துகொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தூணின் தலையைப் பாருங்கள். பாலம் தூணோடு ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தால் வியப்பாக இருக்கும். பெரும்பாலான பாலங்கள் தூண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் பேரிங் என்ற சிறிய பொருள் இருக்கும்: ரப்பர் அடுக்கு, அல்லது எஃகு உருளை, அல்லது வட்டமான தட்டு. ஆயிரக்கணக்கான டன் எடை அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பேரிங் எதற்கு? பாலம் நீள்வதற்கும் சுருங்குவதற்கும். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆயிரம் மீட்டர் எஃகுப் பாலம், குளிருக்கும் வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போடுங்கள்: 48 சென்டிமீட்டர். ஒரு முழம்! அத்தனை நீளத்தையும் முனையில் இருக்கும் விரிவு இணைப்பு தன் பற்களைத் திறந்தும் மூடியும் விழுங்குகிறது. சில பேரிங்குகளில் ஒரு அளவுகோலும் சுட்டுமுள்ளும் பொருத்தியிருப்பார்கள். விடியற்காலையிலும் பிற்பகலிலும் தொலைநோக்கியால் பார்த்தால் முள் இடம் மாறியிருப்பதைக் காணலாம்.

அடுத்து நீர்த் தடங்கள். கான்கிரீட்டின் அடியில் வெள்ளைக் கோடுகளோ சுண்ணாம்பு விழுதுகளோ தொங்கினால் மேலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறுகிறது. பழுப்புக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்து உப்பிப் பெயர்கிறது. ஆய்வாளர்கள் சுத்தியலால் தட்டிக் கேட்பதும் இதற்குத்தான். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த கான்கிரீட் பொத்தென்று ஒலிக்கும்.

உயிர்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980-இல் புதுப்பித்தபோது அடியில் உண்டான ஒடுங்கிய இடுக்குகள் வௌவால்களுக்கு அளவெடுத்ததுபோல் அமைந்துவிட்டன. கோடையில் பதினைந்து லட்சம் வௌவால்கள் வரை அங்கே தங்குகின்றன. அந்தி சாயும்போது அவை புறப்படுவதைப் பார்க்க மக்கள் கூடுகிறார்கள்.

விரிசலைப் பார்த்தேன். பாலம் விழுந்துவிடுமா?

கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் இயல்பானது. அகலமாகிக்கொண்டே போகும் விரிசல், தண்ணீர் கசியும் விரிசல், புதிதாகத் தெரியும் தொய்வு, வழக்கத்துக்கு மாறான சத்தம் ஆகியவற்றைப் பார்த்தால் படமெடுத்து, தூணின் எண்ணைக் குறித்து, பராமரிப்பவர்களுக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

பாலங்களை வீழ்த்தியவை பெரும்பாலும் கீழே நிற்பவரின் கண்ணில் படாதவை. 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். காரணம், சங்கிலிக் கண்ணி ஒன்றில் இருந்த இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். கண்ணியைக் கழற்றாமல் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கே நாடு முழுவதற்கும் பால ஆய்வு விதிகள் வந்தன.

1983-இல் கனெக்டிகட் மாநிலத்தின் மியானஸ் ஆற்றுப் பாலத்தில் அதிவிரைவுச் சாலையின் ஒரு துண்டு நள்ளிரவுக்குப் பின் அப்படியே ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் சாலையைச் செப்பனிட்டபோது மழைநீர் வடிகால்களின் மேல் தார் போட்டு மூடிவிட்டார்கள். வடிய இடமில்லாத தண்ணீர் இணைப்புகள் வழியே இறங்கி, தளத்தைத் தாங்கிய முளைகளையும் தொங்குதகடுகளையும் அரித்துவிட்டது. இந்தச் செய்தியை அறிந்த நாளிலிருந்து எந்தப் பாலத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது வடிகுழாயைத்தான். மழை நாளில் குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டினால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

இத்தாலியின் ஜெனோவாவில் 1967-இல் திறந்த மொராந்தி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்தபோது 43 பேர் உயிரிழந்தார்கள். அங்கே தாங்கும் கம்பிகளைக் காக்க வேண்டும் என்றுதான் கான்கிரீட் உறை போட்டார்கள். அந்த உறையே உள்ளே நடந்த அரிப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

விபத்து நடந்த பாலங்களைப் பார்க்கப் போவது சரியா?

போகலாம், மரியாதையோடு. மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலம் கட்டுமானத்தின்போது 1970 அக்டோபர் 15 அன்று சரிந்தது. எஃகுப் பெட்டியின் இரண்டு பாதிகளும் உயரத்தில் 114 மில்லிமீட்டர் பொருந்தாமல் இருந்தன. உயர்ந்திருந்த பாதியைத் தாழ்த்தக் கான்கிரீட் பாளங்களை ஏற்றினார்கள். தகடு புடைத்தது. புடைப்பை நேராக்கப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். 112 மீட்டர் நீளத் துண்டு விழுந்து 35 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலே வேலை செய்தவர்களோடு, கீழே குடிசைகளில் உணவு இடைவேளையில் இருந்தவர்களும் அதில் அடக்கம். இன்று பாலத்தின் அடியில் நினைவிடம் இருக்கிறது. அங்கே போனால் முதலில் பெயர்களைப் படியுங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள்.

பாலங்களுக்குள் ரகசிய அறைகள் உண்டு என்பது உண்மையா?

மறந்துபோன அறைகள் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள கிளிஃப்டன் தொங்குபாலம் 1864-இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு கரையில் இருக்கும் பிரம்மாண்டமான தாங்குமேடை உள்ளே கெட்டியான கல் என்றே எல்லோரும் நம்பினார்கள். 2002-இல் பார்த்தால் உள்ளே பன்னிரண்டு வளைகூரை அறைகள், சில பதினொரு மீட்டர் உயரம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரித்தவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது! இப்போது வழிகாட்டியோடு அங்கே போகலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் அடியில் 2006-இல் ஊழியர்கள் ஒரு பூட்டிய அறையைத் திறந்தபோது பனிப்போர்க் காலத்து அவசரப் பொருள்கள் கிடைத்தன: தண்ணீர்ப் பீப்பாய்கள், மருந்துகள், பிஸ்கட் டப்பாக்கள். சில பெட்டிகளில் 1957, 1962 என்று ஆண்டு அச்சிட்டிருந்தது.

மூடப்பட்ட, கைவிடப்பட்ட பாலங்களுக்குப் போகலாமா?

வேண்டாம். வாகனங்கள் ஓடும் பாலத்தை யாரோ ஒருவர் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூடிய பாலத்துக்கு அந்த ஆளும் இல்லை.

படமெடுக்க ஏதாவது யோசனை?

மேகமூட்டமான நாளில் போங்கள். வெயிலில் பாலத்தின் அடி கரும்பிழம்பாகத்தான் படத்தில் விழும். காலையும் மாலையும் தாழ்ந்த வெயில் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஏறும். ஆற்றின் மேல் என்றால் நீரின் ஒளி அங்கே நெளியும். பாலத்தின் நேர் கீழே, இரண்டு தூண் வரிசைக்கு நடுக்கோட்டில் நில்லுங்கள். சாலையை நோக்கி ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வாகனங்கள் ஓடும் பாலத்தருகே டிரோன் பறக்கவிடாதீர்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பொதுப்பாதை இருக்கும் இடமாக இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். தூண்களை எண்ணச் சொல்லுங்கள், ஒவ்வொரு தூணிலும் எண் எழுதியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கற்கள் விழக்கூடிய சாலை விளிம்புக்கு நேர் கீழே மட்டும் நிற்கவிடாதீர்கள். கையில் எடுத்துப் போக வேண்டியவை: தொலைநோக்கி, தண்ணீர், ஒரு குறிப்பேடு. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரே ஓர் இடத்தில் அரை மணி நேரம் நிற்கச் சொன்னால் எங்கே நிற்பீர்கள்?

கடைசித் தூணுக்கும் கரைக்கும் நடுவில். அங்கே பாலம் தாழ்ந்து வந்துவிடும்; பேரிங் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். விரிவு இணைப்பு நேர் தலைக்கு மேல். வடிகுழாய் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். ஒரு கனரக லாரி வரும்வரை காத்திருப்பேன். முதலில் "தடக்" என்று கேட்கும். பேரிங்கின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே படிந்திருக்கும் தூசி மெல்லியதாக ஒரு கோடு உதிரும். லாரி போய்விடும், தூசி காற்றில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கும்.